இணைப்பு எப்படி அறுந்துபோகும்னு சொல்லித்தர்ற புத்தகம்

1/
நண்பர்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் புத்தகம் பத்திப் பேசப்போறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடுறேன். உங்க ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இப்பல்லாம் பெரும்பாலும் ஒரு ஆள் கையில பேப்பரா வர்றதில்லை. லேப் மெஷின்ல ஓடுற ஒரு புரோகிராம் கொடுக்குது, கேபிள் வழியா இன்னொரு புரோகிராம் வாங்குது, அப்புறம்தான் அது டாக்டரோட ஸ்க்ரீனுக்கு வருது. அந்தக் கொடுக்கல் வாங்கல்ல தப்பு நடந்தா அது கம்ப்யூட்டர் பிரச்சினை மட்டும் இல்லை, படுக்கையில இருக்குற நோயாளியோட பிரச்சினை.

2/
என் கருத்து இதுதான். நெட்வொர்க் புரோகிராமிங் கத்துக்க நினைக்கிறவங்க, குறிப்பா மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுறவங்க, ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுதிய 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' புத்தகத்தோட முதல் பாகத்தை இன்னைக்கும் உக்காந்து படிக்கணும். புரட்டிப் பார்த்தா போதாது, நிரல்களைக் கையால டைப் பண்ணிப் படிக்கணும். ஏன்னா, வீடியோக்களும் குறுக்குவழிப் பாடங்களும் இணைப்பு எப்படி வேலை செய்யும்னு சொல்லித்தரும். இந்தப் புத்தகம் இணைப்பு எப்படியெல்லாம் கெட்டுப்போகும்னு சொல்லித்தருது. மருத்துவமனைக்கு ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

3/
யார் இந்த ஸ்டீவன்ஸ்? 1951-ல் இன்றைய ஜாம்பியாவில் உள்ள லுவான்ஷ்யாவில் பிறந்தவர், அமெரிக்காவில் வளர்ந்து படித்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய முதல் பட்டம் கம்ப்யூட்டரில் இல்லை, விண்வெளிப் பொறியியலில். பிறகு அரிசோனாவில் கிட் பீக் வானியல் ஆய்வகத்தில் புரோகிராமராக வேலை பார்த்தார். வேற துறையில இருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, வாசகனுக்கு எங்கே புரியாமல் போகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 1990-ல் முதல் பதிப்பு. உலகளாவிய வலை பொதுமக்கள் கைக்கு வராத காலம் அது. 1998-ல் முதல் பாகத்தின் இரண்டாம் பதிப்பு. 1999 செப்டம்பரில், 48 வயதில், காலமானார். திட்டமிட்டிருந்த மூன்றாம் பாகம் வரவே இல்லை. 2003-ல் பில் ஃபென்னர், ஆண்ட்ரூ ருடாஃப் இருவரும் முதல் பாகத்தைப் புதுப்பிச்சு மூன்றாம் பதிப்பா கொண்டுவந்தாங்க. நான் பேசப்போறது அதைப் பத்தித்தான்.

4/
தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி அடிப்படை. ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்க 'சாக்கெட்' வேணும். அதைப் போன்னு வச்சுக்கோங்க. சாக்கெட் உருவாக்குறது போன் வாங்குறது. 'பைண்ட்' நம்பர் வாங்குறது. 'லிசன்' மணி அடிக்கட்டும்னு காத்திருக்கிறது. 'கனெக்ட்' எதிர்முனை டயல் பண்றது. 'அக்செப்ட்' நாம எடுத்து ஹலோ சொல்றது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1983-ல் வெளியான யூனிக்ஸ் பதிப்போட இது பரவலாச்சு. இன்னைக்கு நீங்க பைத்தான்ல எழுதினாலும் ஜாவால எழுதினாலும், அடியில ஓடுறது இதே சாக்கெட்தான். அதனாலதான் ஒரு பழைய புத்தகம் இன்னும் செல்லுபடி ஆகுது.

5/
புத்தகத்தோட முதல் நிரல் ரொம்பச் சின்னது. எதிர்முனையில இருக்குற கம்ப்யூட்டர்கிட்ட "மணி என்ன?"ன்னு கேக்கும். போர்ட் எண் 13. பதில் வெறும் 26 பைட். ஒரே வரியில படிச்சு முடிச்சிடலாம்னு யாருக்கும் தோணும். ஸ்டீவன்ஸ் அப்படி எழுதலை. 'ரீட்' என்ற அழைப்பை ஒரு சுழற்சிக்குள்ள வைக்கிறார். எதிர்முனை "முடிச்சாச்சு"ன்னு சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்றார். காரணமும் அங்கேயே சொல்றார்: அந்த 26 பைட்டும் மொத்தமா ஒரே தவணையிலயும் வரலாம், ஒவ்வொரு பைட்டா 26 தவணையிலயும் வரலாம். எப்படி வரும்னு நாம முடிவு பண்ண முடியாது.

முதல் அத்தியாயத்துலயே, முதல் நிரல்லயே இது. பல பேர் வருஷக்கணக்கா வேலை பார்த்த பிறகும் கத்துக்காத பாடம்.

6/
டாக்டர் பாஷையில சொல்றேன். டிசிபி என்பது மாத்திரை அட்டை மாதிரி இல்லை, டிரிப்ஸ் மாதிரி. மாத்திரை அட்டையில ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனி குழி இருக்கும். ஒண்ணு எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னு விரல் வச்சுச் சொல்லலாம். டிரிப்ஸ்ல அப்படி இல்லை. முதல் பாட்டில் முடிஞ்சு ரெண்டாவது பாட்டில் மாட்டினா, டியூபைப் பார்த்து "இதோ இங்கதான் முதல் பாட்டில் முடிஞ்சது"ன்னு சொல்ல முடியுமா? முடியாது. டிசிபி தர்ற உத்தரவாதம், இணைப்பு உயிரோட இருக்குற வரைக்கும் எதுவும் தொலையாது, வரிசையும் மாறாது என்பதுதான். ஒரு செய்தி எங்க முடியுதுன்னு அது சொல்லவே சொல்லாது. அதை நாமதான் குறிச்சு வைக்கணும்.

7/
இது ஏன் லேப்ல முக்கியம்? லேப் மெஷின்கள் ரிசல்ட் அனுப்பப் பரவலா பயன்படுத்துறது ஹெச்.எல்.7 என்ற செய்தி வடிவம். அதை டிசிபி வழியா அனுப்பும்போது செய்தியோட தொடக்கத்துல 11 என்ற மதிப்புள்ள பைட் ஒண்ணு வைப்பாங்க. முடிவுல 28, 13 என்ற மதிப்புள்ள ரெண்டு பைட். டியூப்ல பாட்டில் மாறுற இடத்துல நாமளே கட்டுற நூல் மாதிரி.

வாங்குற புரோகிராம் அந்த முடிவு அடையாளம் வர்ற வரைக்கும் சேர்த்துவைக்கணும். அப்படிச் செய்யாம, "ஒரு தடவை படிச்சா ஒரு செய்தி"ன்னு எழுதினா என்ன ஆகும்? செய்தியோட முன்பாதி ஒரு தடவையும் பின்பாதி அடுத்த தடவையும் வரும். பொட்டாசியம் 6.4-ன்னு மெஷின் அனுப்பினது நடுவுல வெட்டுப்பட்டு 6-ன்னு நிக்கலாம். அல்லது அந்த வரியே காணாம போகலாம். 6.4 என்றால் அந்த நோயாளிக்கு உடனே இசிஜி எடுக்கணும், இதயத் துடிப்பு தாறுமாறாகக் கூடும். வரியே வரலைன்னா டாக்டர் "ரிசல்ட் இன்னும் வரலை போல"ன்னு அடுத்த படுக்கைக்குப் போயிடுவார்.

8/
"டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தாங்க?"ன்னு கேப்பீங்க. அங்கதான் வில்லங்கம். டெஸ்ட் பண்ணும்போது அனுப்புற புரோகிராமும் வாங்குற புரோகிராமும் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடும். செய்தியும் சின்னதா இருக்கும். நூறு தடவை ஓட்டினா நூறு தடவையும் முழுசா வரும். நிஜ லேப்ல ஈதர்நெட் வழியா போகும்போது ஒரு பொட்டலத்துக்குள்ள சாதாரணமா 1460 பைட்தான் அடங்கும். ரத்த அணுக்கள் எண்ணுற மெஷின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினா செய்தி அதைத் தாண்டி எங்கேயோ போயிடும். அன்னைக்குத்தான் அது துண்டு துண்டா வரும். அதுவும் எல்லா நாளும் இல்லை. கூட்டம் அதிகமான திங்கட்கிழமை காலையில மட்டும் வரும். சாயங்காலம் இன்ஜினியர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியா ஓடும். ஓ.பி.டி.யில வயித்துவலி காட்டாத நோயாளி வீட்டுக்குப் போனதும் துடிக்கிற மாதிரி.

9/
இனி புத்தகத்தோட இதயத்துக்கு வருவோம். அது ஐந்தாவது அத்தியாயம். ஒரு சின்ன எதிரொலி சர்வர். நீங்க என்ன அனுப்புறீங்களோ அதையே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஸ்டீவன்ஸ் அதை எழுதி முடிச்சு, ஒழுங்கா ஓடுறதைக் காட்டிட்டு, அதோட நிறுத்தலை. அடுத்து ஒவ்வொண்ணா கெடுத்துக் காட்டுறார். சர்வர் புரோகிராம் மட்டும் செத்தா என்ன? கம்ப்யூட்டரே திடீர்னு நின்னுபோனா என்ன? நின்னுபோய் மறுபடி எழுந்தா என்ன? முறையா ஷட்டவுன் பண்ணினா என்ன? ஒவ்வொண்ணுக்கும் எதிர்முனைக்கு என்ன தெரியவரும், எப்போ தெரியவரும், தெரியவருமா?

மருத்துவம் படிச்சவங்களுக்கு இந்த வரிசை நல்லாப் பழக்கம். முதல்ல ஃபிசியாலஜி, அப்புறம் பேத்தாலஜி. ஆரோக்கியமான இதயத்தை மட்டும் படிச்சவன் கையில ஐசியு சாவியைக் கொடுப்போமா? ஆனா ஆரோக்கியமான இணைப்பை மட்டும் படிச்சவங்க கையில ஐசியு மென்பொருளைக் கொடுத்துக்கிட்டிருக்கோம்.

10/
இந்த அத்தியாயத்துல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒரு வேறுபாடு. 'ரீட்' கூப்பிட்டா நமக்குக் கிடைக்கிற பதில் நாலு வகை. எண்ணிக்கை வந்தா, அத்தனை பைட் வந்திருக்கு. பூஜ்யம் வந்தா, எதிர்முனை முறையா முடிச்சுக்கிட்டது. மைனஸ் ஒண்ணு வந்தா, ஏதோ தப்பு, என்ன தப்புன்னு தனியா பார்க்கணும். நாலாவது, பதிலே வராம நிக்கிறது.

மானிட்டர்ல நேர்கோடு ஓடினா ரெண்டு அர்த்தம் இருக்கலாம். இதயம் நின்னிருக்கலாம், இல்லை நெஞ்சுல ஒட்டின லீட் கழன்றிருக்கலாம். நர்சிங் மாணவிகளுக்கு முதல் வாரத்துலயே இதைச் சொல்லித்தர்றோம். நெட்வொர்க் புரோகிராம் எழுதுறவங்களுக்கு அந்த முதல் வாரப் பாடத்தை யார் சொல்லித்தர்றது? பூஜ்யத்தையும் மைனஸ் ஒண்ணையும் மௌனத்தையும் ஒரே மாதிரி நடத்துற புரோகிராம், நேர்கோட்டைப் பார்த்துட்டு "பேஷன்ட் தூங்குறார்"ன்னு எழுதிவைக்கிற மாதிரி.

11/
அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கும் தெரியுமா? எதிர்முனை கம்ப்யூட்டர் மின்சாரம் போய் நின்னுடுச்சுன்னு வச்சுக்கோங்க. அது "போறேன்"னு சொல்லிட்டுப் போகலை. நீங்க ஏதாவது அனுப்பினா, பதில் வராததால டிசிபி திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். பெர்க்லி வழி வந்த அமைப்புகள்ல 12 தடவை, சுமார் 9 நிமிஷம் கழிச்சுத்தான் கைவிடும்னு ஸ்டீவன்ஸ் கணக்குச் சொல்றார். லினக்ஸ்ல இயல்பான அமைப்புல இது கால் மணி நேரத்தைத் தொடும். நீங்க எதுவுமே அனுப்பாம, வர்றதுக்காக மட்டும் காத்திருந்தா? உங்களுக்குத் தெரியவே தெரியாது. நாள் கணக்கா காத்துக்கிட்டே இருக்கும். 'கீப் அலைவ்' என்ற வசதியைப் போட்டாலும், மாத்தாம விட்டா அது முதல்ல தட்டிப் பார்க்கவே 2 மணி நேரம் ஆகும்.

ஐசியுல 2 மணி நேரம்னா என்னன்னு நான் சொல்லத் தேவையில்லை.

12/
இதோட இன்னொரு முகம் லேப்ல அடிக்கடி தென்படும். "ரிசல்ட் எங்கம்மா?"ன்னு கேட்டா, "மெஷின் அனுப்பிடுச்சு சார், பச்சை விளக்கு எரியுது சார்"னு டெக்னீஷியன் சொல்வாங்க. அவங்க சொல்றது நிஜம்தான். எப்படி?

மெஷினுக்கு கரன்ட் போய் வந்திருக்கும். வாங்குற புரோகிராமுக்குப் பழைய இணைப்பு செத்தது தெரியாது, அதையே பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும். ஒரு நேரத்துல ஒரு இணைப்பை மட்டும் கவனிக்கிற மாதிரி எழுதியிருந்தா, மெஷின் புதுசா போடுற இணைப்பை அது எடுக்காது. ஆனா இயங்குதளம் அந்த இணைப்பை வரிசையில ஏத்துக்கும். மெஷினுக்கு இணைப்பு கிடைச்ச மாதிரியே இருக்கும், ரிசல்ட்டையும் அனுப்பிடும். அதை எடுத்துப் படிக்க மறுமுனையில ஆள் இல்லை. கடைசியில "ரீஸ்டார்ட் பண்ணிட்டோம் சார், சரியாயிடுச்சு"ன்னு முடியும். நோய் என்னன்னு பார்க்காம பாரசிட்டமால் கொடுத்து அனுப்புற வைத்தியம் இது. லிசன், அக்செப்ட், காத்திருப்பு வரிசை மூணையும் நாலாவது அத்தியாயத்துல படிச்சவங்களுக்கு இது அஞ்சு நிமிஷத்துல பிடிபடும்.

13/
அடுத்தது 'ரைட்'. அனுப்பினேன், பிழை வரலை, அப்போ போய்ச் சேர்ந்துடுச்சுன்னுதானே அர்த்தம்? இல்லை. உங்க தரவை இயங்குதளம் தன்னோட இருப்புல வாங்கி வச்சுக்கிட்டதுன்னு மட்டும்தான் அர்த்தம். எதிர்முனைக்குப் போயிடுச்சுன்னோ, அந்தப் புரோகிராம் படிச்சதுன்னோ, டேட்டாபேஸ்ல ஏறிடுச்சுன்னோ அர்த்தமில்லை.

கேஸ் ஷீட்டில் மருந்து எழுதியாச்சு என்பதும், நர்ஸ் மருந்தைக் கொடுத்தாச்சு என்பதும், நோயாளி முழுங்கியாச்சு என்பதும் மூணு தனித்தனி விஷயங்கள். அதனாலதான் வார்டுல கொடுத்தவங்க கையெழுத்து போடணும்னு வச்சிருக்கோம். ஹெச்.எல்.7-லயும் "வாங்கிக்கிட்டேன்"னு திருப்பி அனுப்புற ஒப்புகைச் செய்தி தனியா இருக்கு. சில புரோகிராம்கள் செய்தியைச் சேமிக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஒப்புகையை அனுப்பிடும். மருந்து கொடுக்குறதுக்கு முன்னாடியே கையெழுத்து போடுற மாதிரி. இதை எந்த மேட்ரனாவது விட்டுவைப்பாங்களா?

14/
சரி, எப்படிப் படிக்கணும்? என் பரிந்துரை:

→ ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் போதும். பழைய லேப்டாப் தாராளமா சமாளிக்கும்.
→ சி மொழியில சுட்டி, அணி, ஃபங்ஷன் தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா முதல்ல அதுக்கு ஒரு மாசம் ஒதுக்குங்க.
→ ஆயிரம் பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. முதல்ல ஒண்ணுல இருந்து எட்டு அத்தியாயம். அப்புறம் 11, 14, 16. மிச்சம் தேவைப்படும்போது.
→ நிரலை ஒட்டாதீங்க, டைப் பண்ணுங்க. கை போற வேகத்துலதான் மூளைக்கும் ஏறும்.
→ ஓடினதும் அடுத்த நிரலுக்குத் தாவாதீங்க. கெடுத்துப் பாருங்க. சர்வரைக் கொல்லுங்க. கேபிளைப் பிடுங்குங்க. ஒவ்வொரு பைட்டா நிறுத்தி நிறுத்தி அனுப்புற ஒரு கிளையன்ட் எழுதி, உங்க சர்வர் தாங்குதான்னு பாருங்க.
→ பக்கத்துல 'டிசிபி டம்ப்' ஓடட்டும். அதுதான் ஸ்டெதாஸ்கோப். உள்ள என்ன நடக்குதுன்னு ஊகிக்காம காதால கேளுங்க.

15/
கூடவே ஒரு எச்சரிக்கை. முதல் நிரலைப் புத்தகத்துல இருக்குறபடி ஓட்டினா இன்னைக்கு பெரும்பாலும் ஓடாது. போர்ட் 13-ல மணி சொல்ற சேவையைப் பாதுகாப்புக்காக இப்போ பெரும்பாலானவங்க மூடி வச்சிருக்காங்க. அடுத்து வர்ற சர்வர் நிரலையும் நீங்களே எழுதி, போர்ட் எண்ணை 9999-னு மாத்திக்கோங்க. 1024-க்குக் கீழ் உள்ள எண்களுக்கு நிர்வாகி அனுமதி கேக்கும்.

போர்ட் எண்ணைப் பைட் வரிசை மாத்தாம கொடுத்தா என்ன ஆகும்னும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. சாதாரண லேப்டாப்ல 13 என்பது 3328 ஆகிடும். எந்தப் பிழையும் வராது, சர்வர் பாட்டுக்கு வேற கதவுல உக்காந்து காத்திருக்கும். கம்ப்யூட்டர் நீங்க சொன்னதைத்தான் செய்யும், நினைச்சதைச் செய்யாது.

16/
இனி எதிர்வாதங்கள். "பழைய புத்தகம் சார்."

பழசுதான். குறியாக்கம் பத்தி, அதாவது டிஎல்எஸ் பத்தி, அது கத்துத்தராது. நோயாளி தகவலை டிஎல்எஸ் இல்லாம அனுப்பவே கூடாது, அதைத் தனியா படிச்சே ஆகணும். ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு புராசஸ்னு கிளைக்கிற முறையைப் பெரிய அமைப்புகள்ல இப்போ அவ்வளவா பயன்படுத்துறதில்லை. 'செலக்ட்', 'போல்' இருந்த இடத்துல லினக்ஸ்ல 'இ-போல்' வந்தாச்சு. 2021-ல் தரப்படுத்தப்பட்ட 'குயிக்' நெறிமுறை யுடிபி மேல ஓடுது. இதெல்லாம் உண்மை. ஆனா டிசிபியோட அடிப்படை வரையறை 1981-ல் வந்தது, 2022-ல் திருத்தித் தொகுத்து வெளியிட்ட பிறகும் அது தர்றது பைட் ஓட்டம்தான், செய்தி இல்லை. மருந்துகள் மாறும். சிறுநீரகம் வேலை செய்யுற விதம் மாறாது. ஃபிசியாலஜி புத்தகம் பழசாகுற வேகமும் மருந்துப் பட்டியல் பழசாகுற வேகமும் ஒண்ணு இல்லை.

17/
"லைப்ரரி இருக்கு, ஏஐ எழுதித்தருது. எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?"

லைப்ரரியைப் பயன்படுத்துங்க, தாராளமா. உற்பத்திக்குப் போற நிரல்ல எல்லாத்தையும் நீங்களே எழுதணும்னு நான் சொல்லவே இல்லை. ஏஐ எழுதித்தரட்டும். ஆனா அது கொடுத்ததைச் சரிபார்க்கிறது யார்? பைத்தான்ல 'ரிசீவ் 1024'-ன்னு ஒரே ஒரு வரி இருந்தா, அதைப் பார்த்ததும் உங்க கண்ணுல உறுத்தணும். "சுழற்சி எங்கே? முடிவு அடையாளம் எங்கே? பூஜ்யம் வந்தா என்ன?" இந்த மூணு கேள்வி தானா வரணும்னா, கையால எழுதிப் பார்த்திருக்கணும். தானியங்கி இசிஜி மெஷின் "நார்மல்"னு அச்சடிச்சுத் தரும். அதுக்காக இசிஜி படிக்கத் தெரியாத டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

18/
மருத்துவமனை நடத்துறவங்களுக்கு, லேப் பொறுப்பாளர்களுக்கு. புது மென்பொருள் வாங்கும்போது அழகான ஸ்க்ரீன்களைக் காட்டுவாங்க. அதோட இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க:

→ செய்தி ரெண்டு துண்டா வந்தா என்ன செய்யும்? செஞ்சு காட்டுங்க.
→ ரெண்டு நோயாளி ரிசல்ட் ஒட்டிக்கிட்டு ஒரே தவணையில வந்தா?
→ கேபிளைப் பிடுங்கினா எத்தனை விநாடியில எச்சரிக்கை வரும்?
→ மெஷின் கரன்ட் போய் வந்தா, யாரும் தொடாம தானா மறுபடி இணையுமா?
→ ஒப்புகை அனுப்புறது சேமிச்ச பிறகா, முன்னாடியா?

இதுக்கு கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. கேபிளைப் பிடுங்க கை இருந்தா போதும். பதில் சொல்லத் திணறினா, கையெழுத்து போடுறதைத் தள்ளி வைங்க.

19/
பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிச்சுட்டு "லேப் ரிசல்ட்டே நம்ப முடியாதா?"ன்னு பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர் நம்பரை மட்டும் பார்த்து வைத்தியம் பண்ண மாட்டார். உடம்பும் நம்பரும் ஒத்துப்போகலைன்னா திரும்ப எடுக்கச் சொல்வார். அப்படிச் சொன்னா "காசு பறிக்கிறாங்க"ன்னு உடனே முடிவு கட்டாதீங்க. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறும். நம்பர் வர்ற வழியில பல கைகள் இருக்கு, அதுல சில கைகள் புரோகிராம்.

20/
பொறியியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. புத்தகம் ஆங்கிலத்துல இருக்கு, தடிமனாவும் இருக்கு. ஆனா மொழி நேரடியானது, அலட்டல் கிடையாது. ஒவ்வொரு நிரலுக்கும் கீழே வரி வரியா விளக்கம் இருக்கு. கல்லூரி நூலகத்துல கேட்டுப் பாருங்க. ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினா ஆறு மாசத்துல முக்கிய அத்தியாயங்களை முடிச்சிடலாம். நீங்க நாளைக்கு எழுதப்போற புரோகிராம் ஒரு பேங்க்ல ஓடலாம், ரயில்வேல ஓடலாம், எங்க லேப்லயும் ஓடலாம். அதோட மறுமுனையில யார் உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியப்போறதில்லை. 6.4 என்று அனுப்பினது 6.4 என்றே வந்து சேரணும். வரலைன்னா, வரலைன்னு உரக்கச் சொல்லணும்.

ஸ்டீவன்ஸ் படிச்சவங்க யாராவது இருந்தா, எந்த அத்தியாயத்துல மாட்டிக்கிட்டீங்கன்னு கீழே எழுதுங்க. புதுசா தொடங்குறவங்களுக்கு அது உதவும்.